தேயிலைப் பேணியில் சாய்ந்து நின்ற திருகோணமலை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலமை என்ர ஊர் தேயிலைப் பேணியில சாஞ்சு நிண்டது.

போனை அப்பிடித்தான் தேயிலைத் தகரத்தில சாத்தி நிப்பாட்டியிருந்தன். நான் குசினியில இடியப்பத்துக்கு மா குழைச்சுக்கொண்டு நிக்கிறன். வெளியில லண்டன் ஹவுன்ஸ்லோ மழை. போனுக்குள்ள திருகோணமலை வெயில் கண்ணைக் கூச எறிக்குது. எங்கட கூரைக்கு மேலால பிளேன் இறங்கேக்க பேணி கொஞ்சம் அதிரும். அது அதிர ஊரும் ஒரு பக்கம் சரியும். மாப் பிடிச்ச கையாலயே ஊரைத் தள்ளி நேராக்குவன்.

"அம்மா, இது பஸ் ஸ்டாண்ட். உங்களுக்குத் தெரியுதா?"

"எங்க பஸ் ஸ்டாண்ட்? அங்கால திருப்பு. உது என்னடி, மீன்கடையோ?"

"அம்மா, அது போன் கடை."

கதைக்கிறது என்ர மகள் அபிராமி. ஹவுன்ஸ்லோவில பிறந்து வளந்தவள். கவுன்சிலில தெரு மரங்களைப் பாக்கிற வேலை. எந்த மரம் உக்கிப் போச்சு, எந்தக் கொப்பு ஆற்றையும் தலையில விழப்போகுது எண்டு சொல்லுறதுக்கும் யூனிவர்சிட்டியில ஒரு படிப்பு இருக்கெண்டு அவள் படிக்கப் போனாப் பிறகுதான் எனக்குத் தெரியும். ரெண்டு வெள்ளைக்காரச் சிநேகிதியளோட இலங்கை பாக்கப் போயிருந்தாள். அண்டைக்கு அவையள் ரெண்டு பேரும் பவளப்பாறை பாக்க வள்ளத்தில கடலுக்குப் போயிட்டினம். இவளுக்கு முதல்நாள் வெயிலில தோள் வெந்துபோச்சு. கடலுக்கு ஏலாது எண்டு, தனியா ஊருக்குள்ள இறங்கிட்டாள்.

"நீங்கள் வளந்த வீட்டைக் காட்டுறன் அம்மா, வழி சொல்லுங்கோ."

எனக்கு வழி சொல்லத் தெரியாதோ? கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த ஊரில நடப்பன் எண்டன். அந்த வாய்க்கொழுப்புத்தான் பிறகு என்னைப் போட்டு வதைச்சது.

அபி இங்கிலீசும் தமிழும் கலந்துதான் கதைப்பாள். அதை அப்பிடியே எழுதி அனுப்பினா இந்தப் பத்திரிகை ஆசிரியர் தலையில கை வைப்பார். ஆனபடியா முழுக்கத் தமிழாக்கித்தான் எழுதுறன், கோவியாதேங்கோ.

பயத்தைத் தவிர

நான் பயந்தாங்கொள்ளி எண்டது இந்தத் தொடரை வாசிக்கிற ஆக்களுக்குத் தெரியும். எங்கட பின்வளவுக்கு நரி வந்த கதையை வாசிச்சிட்டு நோர்பரியிலயிருந்து ஒரு வாசகி, "அக்கா, நரிக்கே இந்தப் பாடெண்டா!" எண்டு சொல்லி அனுப்பியிருந்தா. நரிக்குப் பயந்தது பகிடி. இண்டைக்குச் சொல்லுறது பகிடியில்லை.

நான் வளந்த காலத்தில எங்கட ஊரில எங்க திரும்பினாலும் ரெண்டு சாமான் தெரியும். ஒண்டு கடல், மற்றது ஆமியின்ர சென்றி. மண்மூட்டை அடுக்கி, தகரம் போட்டு, உள்ளுக்கயிருந்து ஒரு துவக்குக் குழல் எட்டிப் பாத்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் போற வழியிலயும் இருக்கும், கோயிலுக்குப் போற வழியிலயும் இருக்கும்.

சென்றியைக் கடக்க ஒரு நடை இருந்தது. தூரத்திலயே சைக்கிளால இறங்கிடவேணும். உருட்டிக்கொண்டு போகவேணும். கெதியாவும் நடக்கக்கூடாது, மெதுவாவும் நடக்கக்கூடாது. கையில பொட்டலம், கமெரா ஒண்டும் தெரியக்கூடாது. ஆரையும் மறிச்சு வச்சிருந்தா, பின்னால வாற ஆள் நேர வீட்டை போகக்கூடாது, வீடு தெரிஞ்சிடும். கோயிலிலயோ சேர்ச்சிலயோ போய்க் குந்தியிருந்திட்டு, பொழுது சாயத்தான் வீட்டை வரவேணும். இதை ஒருத்தரும் எங்களுக்குப் படிப்பிக்கேல்லை. முள்ளுக் குத்தினாக் காலைத் தூக்கிறமெல்லோ, அப்பிடிப் பழகினது.

அப்பா துறைமுகத்துப் பண்டகசாலையில வேலை. சில நாளில பிந்தி வருவார். அம்மா வாசல் படலையிலயே நிப்பா. "என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை."

அதுக்கு மேல ஒரு சொல்லும் வராது. நேர கிணத்தடிக்குப் போய் முகத்தைக் கழுவுவார். கழுவுவார், கழுவுவார், கழுவிக்கொண்டே நிப்பார். அம்மா பிறகு ஒண்டும் கேக்கமாட்டா. நாங்களும் கேக்கமாட்டம்.

அப்பிடி வளந்தவளுக்கு லண்டன் குடுத்த வேலையைப் பாருங்கோ. எயார்போர்ட்டில பயணியளைச் சோதிக்கிற வேலை! பெல்ட்டைக் கழட்டுங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ, கையைத் தூக்குங்கோ. சென்றியைக் கண்டு நடுங்கினவள் கடைசியில தானே சென்றியாகி நிக்கிறாள். என்ர மனுசன் சங்கானைக்காரர், நக்கல் பிடிச்ச ஆள். நான் வேலைக்குச் சேந்த அண்டைக்கு, "கடவுள் இருக்கிறார் எண்டு இப்பதான் நம்புறன்" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சவர்.

ஊரிலயிருந்து கொண்டுவந்த எல்லாத்தையும் நான் அபிக்குக் குடுத்தனான். தமிழைக் குடுத்தன், சூரைமீன் குழம்பைக் குடுத்தன், அம்மாவின்ர பதக்கத்தைக் குடுத்தன். பயத்தை மட்டும் குடுக்கேல்லை. வாயே திறக்கேல்லை. துருவிக் கேட்டாலும் "அது பழங்கதை, விடு" எண்டு கடத்திடுவன். அவள் பொலிஸ்காரனைக் கண்டா நேர போய் வழி கேப்பாள். கவுன்சில் கூட்டத்தில எழும்பி நிண்டு, ஒரு மரத்துக்காகப் பெரிய பெரிய ஆக்களோட வாதாடுவாள். அதைப் பாக்கேக்க எனக்கு நெஞ்சு நிறையும். என்ர சீவியத்தில நான் செய்த உருப்படியான காரியம் இது ஒண்டுதான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

ஆழந்தான் எங்களுக்குப் பிடிச்ச சனியன்

திருகோணமலையைக் காணாத ஆக்களுக்குக் கொஞ்சம் சொல்லவேணும். ஒரு பக்கம் கோணேசர் மலை செங்குத்தா கடலுக்குள்ள இறங்கும். மற்றப் பக்கம் குன்றுகள் கை கோத்து வளைச்சுப் பிடிச்ச துறைமுகம். வெளியில புயலடிச்சாலும் உள்ளுக்கத் தண்ணி அசையாது. எவ்வளவு பெரிய கப்பலும் கரைக்குக் கிட்ட வரலாம், அவ்வளவு ஆழம்.

அந்த ஆழத்துக்கு வந்த ஆக்கள்தான் எத்தனை பேர். போர்த்துக்கேயர் வந்து கோணேசர் கோயிலை இடிச்சு, அந்தக் கல்லிலயே கோட்டை கட்டினவை. ஒல்லாந்தர் வந்தினம். பிரெஞ்சுக்காரர் எட்டிப் பாத்தினம். இங்கிலீசுக்காரர் வந்து, போக மனமில்லாமல் கனகாலம் குந்தியிருந்தினம். யப்பான்காரன் மேலால வந்து குண்டைப் போட்டான். ஒருத்தருக்கும் எங்களில ஆசையில்லை, எங்கட தண்ணியிலதான் ஆசை. "வடிவான பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீடு மாதிரித்தான் இந்த ஊர். படலையைப் பூட்டியும் பிரயோசனமில்லை" எண்டு அப்பா சொல்லுவார்.

லண்டனும் துறைமுகப் பட்டினந்தானே. தேம்ஸ் கரையில கறுவாவும் தேயிலையும் இறக்கின பண்டகசாலையளெல்லாம் இப்ப விலை கேக்கவே பயமான பிளாட்டுகள். இஞ்சயிருந்து கப்பல் அங்க போச்சுது, அங்கயிருந்து நான் இஞ்ச வந்தன்.

சரி, விட்ட இடத்துக்கு வாறன். அண்டைக்குப் போனுக்குள்ள நான் கண்டது வேற ஊர். திமிங்கிலம் பாக்க வாங்கோ எண்டு கடை கடையா போர்ட். முதுகு சிவந்த வெள்ளைக்காரர் அரைக் காற்சட்டையோட இளநி குடிக்கினம். பொம்பிளைப் பிள்ளையள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில டியூசனுக்குப் பறக்குதுகள். எங்கட காலத்தில ரெண்டு பேர் சேந்து நிண்டு கதைக்கவே யோசிச்ச சந்தியில ஒரு பெடியன் ஸ்பீக்கரைப் பெரிசா வச்சு அவகாடோ ஜூஸ் விக்கிறான். மீன் சந்தைப் பக்கம் போனபோது மட்டும் பழைய சத்தம் கேட்டுது. அந்தச் சத்தத்துக்கு எனக்கு மீன் மணமே வந்திட்டுது.

"அம்மா! மான்! ரோட்டில மான் நிக்குது!"

வாழைப்பழக் கடைக்கு முன்னால ஒரு புள்ளிமான் நிண்டு ஆறுதலாத் தோலைச் சப்புது. பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அது திரும்பியும் பாக்கேல்லை.

"உதுகள் எப்பவும் அங்க திரியிறதுதான். இஞ்ச நரி திரியிற மாதிரி" எண்டன்.

ஒரு ஓட்டோ பக்கத்தில வந்து நிண்டது. தொப்பி போட்ட வயசான முஸ்லிம் ஆள்; ஊரில அப்பிடியான ஆக்களை நானா, அண்ணை எண்டுதான் கூப்பிடுவம். "எங்க புள்ள போகணும்?" எண்டார்.

"வேண்டாம் நானா, நடந்து போறன் எண்டு சொல்லு" எண்டு நான் போனுக்குள்ளால சொல்லிக் குடுக்க, அவருக்குக் கேட்டிட்டுது. "ஆரு, உம்மாவா? உங்கட மகளுக்கு ஒரு கொட வாங்கிக் குடுங்க, வெயிலு கூட!" எண்டு சிரிச்சுக்கொண்டு போயிட்டார்.

நானும் சிரிச்சன். இந்த ஊருக்கோ இவ்வளவு காலமும் பயந்தன் எண்டு எனக்கே வெக்கமாப் போச்சு.

வாகையால இடக்கைப் பக்கம்

"மணிக்கூட்டுக் கோபுரத்தால நேர வா. ஒரு பேக்கரி வரும்."

"பேக்கரி இல்லை. பாங்க் இருக்கு."

"அதைத் தாண்டு. சைக்கிள் கடை வரும்."

"இல்லை அம்மா. சூப்பர்மார்க்கெட்."

எனக்குக் கோவம் வந்திட்டுது. "நீ வேற ஊருக்குப் போய் இறங்கிட்டியோடி?"

சோஃபாவிலயிருந்து என்ர மனுசன்: "கண்ணைக் கட்டி விட்டா நடப்பன் எண்டீர். கண்ணைத் திறந்தாத்தான் நடக்க ஏலாமல் இருக்குப் போல."

"நீங்கள் எழும்பிப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வாங்கோ!"

குடையையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வெளிக்கிட்டார். அவர் கதவைச் சாத்த, அபி சொன்னாள்: "அம்மா, ஒரு பெரிய மரம் நிக்குது. சரியான பழசு. தட்டைத் தட்டையாக் காய். காத்துக்குக் கிலுகிலு எண்டு சத்தம் போடுது."

"வாகை! வாகையடி அது! அதால இடக்கைப் பக்கம் ஒரு ஒழுங்கை வரும். அதுக்குள்ள இறங்கு. முடக்குத் திரும்பினாக் கடைசி வீடு."

கடையெல்லாம் மாறி, ரோட்டெல்லாம் மாறி, அந்த மரம் மட்டும் எனக்காக நிண்டிருக்கு. கண் கலங்கிட்டுது. மாக் கையால துடைச்சன்.

ஒழுங்கைக்குள்ள இறங்கினாள். ரெண்டு பக்கமும் உயர மதில். எங்கட காலத்தில தகர வேலி. ஆள் நடமாட்டமில்லை. மதிலுக்கு மேலால ஒரு காகம் பறந்தது.

"அம்மா, இஞ்ச ஒரு போர்ட் இருக்கு. மூண்டு மொழியிலயும் ஏதோ..."

"அதை விடு, நீ முடக்கைத் திரும்பு. வீட்டைக் காட்டு."

திரும்பினாள்.

வீடு இல்லை. முள்ளுக்கம்பி போட்ட மதில், பெரிய இரும்புப் படலை. படலைக்குப் பக்கத்தில ஒரு காவல் கூடு. கூட்டுக்குள்ளயிருந்து பச்சை உடுப்புப் போட்ட ஒரு பெடியன் தோளில துவக்கோட இறங்கினான். கையை ஆட்டிக்கொண்டு எங்களை நோக்கி வாறான்.

எங்களை எண்டுதான் எழுத வருது. நான் நிண்டது ஹவுன்ஸ்லோக் குசினியில. ஆனா என்ர முழங்கால் ரெண்டும் அங்கதான் நிண்டது.

நான் கத்தினன். என்ன கத்தினன் எண்டு சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது. படம் குலுங்கிச்சுது. நிலம் தெரிஞ்சுது, அவளின்ர செருப்புத் தெரிஞ்சுது. பிறகு கறுப்பு.

திருப்பி எடுத்தன். மணி போகேல்லை. திருப்பியும் எடுத்தன். ஒரு பொம்பிளைக் குரல் மூண்டு மொழியிலயும் மாறி மாறி, இந்த இலக்கத்தோட கதைக்க ஏலாது எண்டுது.

ஊரில ஆளில்லாத ஊர்க்காரர்

தங்கியிருந்த விடுதிக்கு எடுத்தன். "மிஸ் காலமையே வெளிக்கிட்டவங்க, வந்தா சொல்லுறம்" எண்டு ஒரு பெடியன் சொன்னான். சிநேகிதப் பிள்ளை எமிலிக்கு எடுத்தன். அது நடுக்கடலில, சிக்னல் இல்லை.

சரி, ஊரில ஆருக்கு எடுக்கலாம் எண்டு யோசிச்சன். அப்பதான் எனக்குத் தலை சுத்திச்சுது. ஊரில எனக்கு ஒருத்தரும் இல்லை. ஒரு காலத்தில வாகை மரத்திலயிருந்து கடற்கரை மட்டும் வீட்டுக்கு வீடு மாமி, சித்தி, பெரியம்மா. இப்ப என்ர பிள்ளை எங்க நிக்கிறாள் எண்டு எட்டிப் பாத்துச் சொல்ல ஒரு சீவன் இல்லை.

பள்ளிக்கூடச் சிநேகிதியள் எங்களுக்கு வாட்ஸப்பில ஒரு குழு இருக்கு. திருகோணமலையைச் சுருக்கித் திருமலைப் பெண்கள் எண்டு பேர். திருமலையில ஒருத்தியும் இல்லை. டொரண்டோ, சிட்னி, ஒஸ்லோ, லண்டன் குட்மேய்ஸ். நடந்ததை அழுதழுது சொல்லி அனுப்பினன்.

ஐயோ, ஏன் அனுப்பினன்! ஒருத்தி, "உடன தூதரகத்துக்குப் போன் அடி" எண்டாள். மற்றவள், "அடியாத, அடிச்சாப் பெரிசாகும்" எண்டாள். டொரண்டோக்காரி நித்திரையால எழும்பி, "என்ர அண்ணனையும் இப்பிடித்தான்" எண்டு தொடங்கிட்டு நிப்பாட்டிட்டாள். அந்த நிப்பாட்டினது இருக்கே, அதுதான் என்னை விழுத்தினது. அவளின்ர அண்ணன் சைக்கிளில போனவன். சைக்கிள் மட்டுந்தான் வந்தது. எங்களெல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஒருத்தரும் சொல்லாத கதை.

அதுக்குப் பிறகு குழுவில ஒருத்தியும் ஒண்டும் எழுதேல்லை. எல்லாரும் முழிச்சிருக்கிறாளவை எண்டு மட்டும் தெரிஞ்சுது.

சப்பாத்தோட இருந்த மனுசன்

இவர் பாலோட வந்தார். சொன்னன்.

"சார்ஜ் இறங்கியிருக்கும்" எண்டார்.

"நிறைய சார்ஜ் இருந்தது. நான் பாத்தனான்."

"இப்ப காலம் வேறயப்பா. உல்லாசப் பயணியள் குவிஞ்சு கிடக்கிற ஊர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"சூடு கண்ட பூனைக்குத்தான் அடுப்புத் தெரியும். நீங்கள் சும்மா இருங்கோ."

தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தார். ஒரு மிடறு குடிச்சன். உப்பு. கோப்பையைக் கீழ வச்சன். அவர் தன்ர கோப்பையை முழுக்கக் குடிச்சார். உப்பு எண்டது அவருக்குத் தெரியேல்லை.

எனக்கு எது பெரிய பயம் தெரியுமோ? அவளுக்கு அந்த நடை தெரியாது. மறிச்சாக் குனிஞ்சு நிக்கத் தெரியாது. "ஏன், எந்தச் சட்டத்தில?" எண்டு கேப்பாள். கவுன்சில் கூட்டத்தில கேக்கிற மாதிரி, நெஞ்சை நிமித்திக்கொண்டு கேப்பாள். எந்தப் பெருமையை இவ்வளவு காலமும் பொத்திப் பொத்தி வச்சிருந்தனோ, அதே என்ர பிள்ளையைக் கொல்லப்போகுது எண்டு பட்டுது. ஏன் நான் சொல்லிக் குடுக்கேல்லை? தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மழையிலயும் பனியிலயும் இழுத்துக்கொண்டு போனன். பரதநாட்டியத்துக்கு விட்டன். துவக்கோட ஒருத்தன் வந்தா எப்பிடி நிக்கிறது எண்டு ஒருநாள், ஒரே ஒருநாள் சொல்லிக் குடுத்திருந்தா என்ன?

சாமி அறைக்குள்ள போய்க் கோணேசரோட சண்டை பிடிச்சன். "உன்ர கோயிலை இடிச்சவங்களையே பாத்துக்கொண்டு நிண்டனி, என்ர பிள்ளையையாவது பார்" எண்டு கத்தினன். கேட்டுதோ தெரியாது.

வெளியில வந்து பாத்தா இவர் அதே சோஃபாவில இருக்கிறார். டிவி ஓடுது, சத்தம் இல்லை. மடியில ரெண்டு பாஸ்போர்ட். காலைப் பாத்தன். வீட்டுக்குள்ள செருப்போட வந்தாலே குதிக்கிற மனுசன், சப்பாத்து மாட்டிக் கயிறும் இறுக்கிக் கட்டிக்கொண்டு இருக்கிறார்.

"எங்க வெளிக்கிட்டு இருக்கிறியள்?"

"ஒரு இடமும் இல்லை" எண்டார். ஆனா கழட்டேல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது, இந்த வீட்டில பயந்தவள் நான் மட்டுமில்லை.

பக்கத்தில போய் இருந்தன். குழைச்ச மா குசினியில காஞ்சு வெடிச்சுக் கிடந்தது.

"இப்ப போடலாமா?"

மத்தியானம் திரும்பிப் பின்னேரமாகுது. அங்க இருட்டியிருக்கும். போன் அடிச்சுது. எமிலியின்ர இலக்கம். அந்தப் பிள்ளை ஏதோ சொல்லப்போகுது எண்டு எனக்குக் கை ஓடேல்லை. இவர்தான் அமத்தி ஸ்பீக்கரில போட்டார்.

"அம்மா," அபியின்ர குரல், ரகசியம் சொல்லுற மாதிரி. "என்ர போனை இப்ப போடலாமா?"

"எங்கயடி நிக்கிறாய்? உன்னை என்ன செய்தவங்கள்?"

"ரூமில நிக்கிறன். எனக்கு ஒண்டும் இல்லை. போனைப் போடலாமா?"

"அதென்ன என்னட்டக் கேக்கிறாய்?"

அவள் சொன்னாள்: "நீங்கள்தானே சொன்னீங்கள். போனை ஒளி, ஓஃப் பண்ணு, நான் சொல்லுமட்டும் போடாத. ஒருத்தரோடயும் கதையாத. நேர ரூமுக்குப் போகாத. கோயிலில போய் இரு. அப்பிடித்தான் கத்தினீங்கள்."

நானோ? ஓம், நான்தான். ஓஃப் பண்ணின போனுக்கு நான் எப்பிடிச் சொல்லுவன் எண்டு கூட யோசிக்காமல் கத்தியிருக்கிறன். பிறந்த நாளிலயிருந்து, குளிருது ஜாக்கெட்டைப் போடு எண்டு சொன்னாக் கூடக் கேக்காத பிள்ளை. அண்டைக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பெடியன் என்னடி செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை. வீடியோ எடுக்கக்கூடாது எண்டு போர்டைக் காட்டினவர். நான் போனைப் பின்னால ஒளிச்ச உடனதான் அவர் ஒரு மாதிரிப் பாத்தவர். பிறகு என்ர முகத்தைக் கண்டிட்டு, வோட்டர் வோட்டர் எண்டு தன்ர தண்ணிப் போத்தலை நீட்டினவர். நான் வாங்கேல்லை. திரும்பி நடந்தன்."

"ஓடினியோ?"

"ஓடவேணும் போலதான் இருந்தது. ஓடேல்லை. கெதியாவும் நடக்கேல்லை, மெதுவாவும் நடக்கேல்லை. ஏன் எண்டு தெரியாது."

இவர் என்னைப் பாத்தார். நான் நிலத்தைப் பாத்தன்.

பின்னேரப் பூசை முடியுமட்டும் அம்மன் கோயில் தூணோட குந்தியிருந்தாளாம். ஐயர் வாழையிலைத் துண்டில பொங்கல் குடுத்தாராம், விழுங்க ஏலாமல் இருந்ததாம். இருட்டினாப் பிறகுதான் எழும்பி, ரெண்டு மூண்டு ரோட்டால சுத்தி ரூமுக்கு வந்தாளாம்.

"அந்தப் பெடியனுக்கு அவ்வளவு பயந்திட்டியோ, பிள்ளை?"

"அவருக்கில்லை அம்மா. அவருக்கு என்னைவிட வயசு குறைவு. நான் உங்கட குரலுக்குத்தான் பயந்தனான். நீங்கள் அப்பிடிக் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை." அழுகிறாள் எண்டு மூச்சில தெரிஞ்சுது. "எங்கயிருந்து அம்மா வந்தது அந்தக் குரல்?"

இவர் போனை வாங்கி, "சாப்பிட்டிட்டுப் படு, குஞ்சு. போனைப் போடலாம், அப்பா சொல்லுறன்" எண்டார். வச்சிட்டுக் குனிஞ்சு சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பாத்தார். முடிச்சு இறுகி அவிழேல்லை. நான் நிலத்தில இருந்து அவிழ்த்துவிட்டன்.

கடற்கரையில

அடுத்த நாள் எனக்குப் பின்னேர ஷிப்ட். காலமை குசினியில நிக்கேக்க அபி வீடியோவில வந்தாள். போனைத் தேயிலைப் பேணியில சாத்தினன்.

"அம்மா, இண்டைக்கு வழி சொல்லுங்கோ. கடற்கரைக்கு எப்பிடிப் போறது?"

பகிடிக்குக் கேக்கிறாள். என்னைச் சிரிக்க வைக்கப் பாக்கிறாள்.

"எனக்கு அந்த ஊர் தெரியாது பிள்ளை" எண்டன். "நீ ஆக்களைக் கேட்டுக் கேட்டுப் போ."

போனாள். ஆரோ ஒரு கடைக்கார அம்மா கையைக் காட்டி வழி சொன்னா. கடல் வந்தது. கடலை வறுக்கிற வண்டில், மணலில உருளுற சின்னப் பிள்ளையள், நடுவில ஒரு மான். அபி எல்லாத்தையும் சிரிச்சுச் சிரிச்சுக் காட்டிக்கொண்டு போறாள். தோளில கற்றாழை பூசியிருக்கிறாள், பளபளக்குது. நேற்று நடந்தது நேற்றோட போயிட்டுது, இளம் பிள்ளைதானே எண்டு நானும் சிரிச்சன்.

அவளுக்குப் பின்னால தூரத்தில பச்சை உடுப்போட ரெண்டு ஆமிப் பெடியள் வாறது தெரிஞ்சுது. துவக்கு இல்லை. வேலை முடிஞ்ச பெடியளாக்கும், கையில ஐஸ்கிறீம், தங்களுக்குள்ள ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கொண்டு வாறாங்கள். நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை. பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

அபி ஒருக்காத் திரும்பிப் பாத்தாள்.

படம் இருண்டுது. பையின்ர துணி போனில உரசுற சத்தம் கேட்டுது. கடல் சத்தம் அமத்திப் பிடிச்ச மாதிரிக் கேட்டுது. ரெண்டு பேர் கதைச்சுக்கொண்டு கிட்ட வந்து, கடந்து, தூரப் போற சத்தம் கேட்டுது. மூச்சை விடாமல் நிண்டன். அங்க அவளும் அப்பிடித்தான் நிண்டிருப்பாள்.

பிறகு வெளிச்சம் வந்தது. அவளின்ர முகம். சிரிக்கிற மாதிரி வச்சிருக்கிறாள்.

"என்னடி, படம் போயிட்டுது?"

"ஒண்டுமில்லை, அம்மா."

நான் மேல கேக்கேல்லை. ஊரைப் பேணியில சாஞ்சபடி விட்டிட்டு, சிங்கில தண்ணியைத் திறந்து முகத்தைக் கழுவினன். கழுவிக்கொண்டே நிண்டன்.